ஆயுத பூஜை நோட்டு

இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால் உறையை உருவிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் படும்படி அதை லேசாகச் சாய்த்துப் பிடிப்பேன். பாட்டின் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வழவழப்பான வளையம் இருக்கும். அதில் சில எழுத்துகளும் எண்களும் பொடியாகத் தெரியும். லேபிளில் அச்சாகியிருப்பது விற்பனைக்கான எண். வளையத்தில் இருப்பது பதிவுக்கான எண். லேபிள் கிழிந்துபோகும், எண்ணெய்க் கை பட்டு மங்கிப்போகும், ஆலையிலேயே பக்கம் மாற்றி ஒட்டப்பட்டிருக்கவும் கூடும். வளையத்தில் பொறித்தது அப்படியே கிடக்கும். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் ஊசியை வைப்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஒரு ரேடியோ செட் கடையில் வந்தது. போர்டில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் பந்தல்காரருக்கு அடுத்து 'ரேடியோ செட்டுக்குச் சொல்லியாச்சா' என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். உறவெல்லாம் இல்லை; அம்மாவின் ஊர்ப்பக்கத்துக்காரர், அவ்வளவுதான். கடை உள்ளே இரண்டு அகுஜா ஆம்ப்ளிஃபயர், ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய குழாய் ஸ்பீக்கர்கள், சுருள் சுருளாக ஒயர், சீரியல் பல்புகள். பின்பக்கச் சுவரை ஒட்டி, பலகை அடித்த தடுப்புகளில், மாமாவின் உண்மையான சொத்து: ரெக்கார்டுகள். நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் கனமான பழைய 78கள் கொஞ்சம், மற்றவை ஏழு அங்குல இ.பி.கள், விலை கொடுத்து வாங்கத் தயங்கித் தயங்கிச் சேர்த்த சில எல்.பி.கள்.

ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா, மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, தை பிறந்ததும் கல்யாணங்கள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். அவற்றைச் சமாளித்துவிடலாம். மாமாவைத் தூங்கவிடாத நாள் ஆயுத பூஜை. அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்த பிறகு அம்பத்தூர் லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த ஊராகிவிட்டது. டி.ஐ. சைக்கிள், டன்லப் போன்ற பெரிய கம்பெனிகள் ஒரு பக்கம். நாலு பேர் வேலை செய்யும் ஷெட்டுகள் இன்னொரு பக்கம், தெருத்தெருவாக. ஆயுத பூஜையன்று அத்தனை பேருக்கும் மைக் செட் வேண்டும். வருஷம் முழுவதும் மெஷின் சத்தம் கேட்ட இடத்தில் அன்று ஒரு நாள் மெஷின்கள் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்; பாட்டு மட்டும் ஓடும். பக்கத்து ஷெட்டில் பாட்டுப் போட்டு நம் ஷெட்டில் போடாவிட்டால் முதலாளிக்குக் கௌரவக் குறைச்சல்.

ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் வாடகைக்கு எடுத்துவிடலாம். ரெக்கார்டு போதாது. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு விநாயகர் பாட்டு வேண்டும், ஒரு நாதஸ்வரம் வேண்டும், புதுப்படம் நாலைந்து வேண்டும், மத்தியானத்துக்கு 'திருவிளையாடல்' வசனம் வேண்டும். அதனால் ஆவடி, கொரட்டூர், பாடி, திருமுல்லைவாயில் ரேடியோ செட்காரர்கள் தங்களுக்குள் ரெக்கார்டு மாற்றிக்கொள்வார்கள். கொரட்டூர்க்காரருக்கு அன்று கிராக்கி குறைவு என்றால் அவருடைய பெட்டி இங்கே வரும். அவருக்குக் கோயில் திருவிழா வரும்போது எங்கள் பெட்டி அங்கே போகும். ஒவ்வொருவருக்கும் ஒரு எனாமல் பெயின்ட் நிறம் உண்டு. லேபிளின் ஓரத்தில் சின்னப் பொட்டு: எங்களுடையது சிவப்பு, ஆவடிக்காரருடையது பச்சை. அப்படி இருந்தும் பூஜை முடிந்த மறுநாள் தகராறு வரும். 'நான் கொடுத்தது கீறல் இல்லாதது, வந்திருப்பது வேற தட்டு' என்பார் ஒருவர். பொட்டை யாராவது சுரண்டி மாற்றியிருப்பார்களோ என்று இன்னொருவருக்குச் சந்தேகம்.

அதற்காகத்தான் மாமா என்னை உட்காரவைத்தார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரே தகுதி. மளிகைக் கடைகளில் வைத்திருப்பதுபோல் நீளமான சிவப்பு அட்டை நோட்டு ஒன்று வாங்கித் தந்தார். "தம்பி, பாட்டுப் பேர நம்பாத. நம்பர எழுது. நடுவுல இருக்கிற நம்பரையும் எழுது, உள்ள கீறியிருக்கே, அதையும் எழுது. அப்பதான் எவனும் வாய் தொறக்க முடியாது" என்றார். மாமா எட்டாவதைத் தாண்டாதவர். உலகத்தில் இசைத்தட்டுப் பட்டியல் போடுகிற அறிஞர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் முதல் விதி அதுதான் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது.

நோட்டில் கம்பெனி, எண், வளைய எண், படம், இரண்டு பக்கப் பாட்டுகள், யாருக்குப் போனது, எப்போது வந்தது என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டம் தட்டின் நிலைமை. அதற்கு மாமாவே ஒரு கணக்கு வைத்திருந்தார். 'கண்ணாடி' என்றால் புதுசு மாதிரி. 'சுமார்' என்றால் இரைச்சல் உண்டு, குழாய் ஸ்பீக்கரில் தெரியாது. 'தாண்டும்' என்றால் ஊசி ஒரு வரியை விட்டுக் குதிக்கும். 'சுத்தும்' என்றால் ஊசி ஒரே இடத்தில் நின்று சுற்றும்; கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஜனங்கள் சொல்வார்களே, அதேதான்; பக்கத்தில் ஆள் உட்கார்ந்து தட்டிவிட வேண்டும். இன்றைக்கும் என் பட்டியலில் இந்த நான்கு சொற்கள்தான் இருக்கின்றன.

அந்தக் கட்டத்தை நிரப்பும்போது ஒன்று கவனித்தேன். 'சுத்தும்' என்று நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுத் தட்டுகள். ஆடி மாதத்தில் ஒரே தட்டு ஒரே நாளில் எத்தனை தடவை ஓடும் என்று கணக்கே கிடையாது. திருவேற்காட்டுக்குப் பால்குடம் போகிற வழியெல்லாம் ஒலிக்கும். கருப்பாகப் பளபளத்த கோடுகள் இரண்டு ஆடிக்குள் சாம்பல் பூத்துப்போகும். யாரும் கேட்டிராத ஏதோ ஒரு படத்தின் தட்டோ கண்ணாடிபோல் உறைக்குள் தூங்கும். இன்று பழைய தட்டு தேடுகிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு காலத்து ஜனங்கள் எதை விரும்பிக் கேட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் நல்ல நிலைமையில் மிஞ்சியிருக்கும் தட்டுகளைப் பார்த்துப் பயனில்லை. தேய்ந்தவற்றை எண்ண வேண்டும். அம்மன் பாட்டின் முதல் அச்சுத் தட்டு ஒன்று கண்ணாடியாகக் கிடைத்தால், அதைப் பத்து சினிமாத் தட்டு கொடுத்து வாங்கலாம் என்பேன்.

வேலைக்குப் போன பிறகு என் தேடல் மூர் மார்க்கெட்டுக்கு நகர்ந்தது. அம்பத்தூரில் லோக்கல் ரயில் ஏறினால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் எல்லாம் தாண்டி பேசின் பிரிட்ஜில் கொஞ்ச நேரம் முனகி நின்றுவிட்டு சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். பக்கத்திலேயே அந்தச் சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், பழைய கடிகாரம், கிளி, புறா, கிராமபோன், எல்லாம் ஒரே கூரையின் கீழ். ரெக்கார்டுக் கடை பாய்கள் தட்டுகளை மல்லாத்தி அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். 78 தட்டு அரக்கும் கல்தூளும் சேர்த்துச் செய்தது. அரக்கு நம் நாட்டுச் சோட்டா நாக்பூர்க் காடுகளில் பூச்சி கக்குவது; உலகத்துக்கே இங்கிருந்துதான் பெரும்பங்கு போனது. அந்தத் தட்டு செங்குத்தாக நின்றால் நூறு வருஷம் நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தால் கனம் தாங்காமல் அடியில் உள்ளது விரியும். சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். ஒரே துடைப்பில் பாட்டு வழிந்து துணியோடு வந்துவிடும். துளி சோப்பு கலந்த தண்ணீர், பழைய வேட்டித் துணி, லேபிள் நனையாமல் ஒரு சுற்று. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

"இன்னா தம்பி, நாடக செட்டா? மூணாவது பிளேட்டு இல்ல, பரவால்லியா?" என்பார் எனக்குப் பழக்கமான பாய். முப்பது, நாற்பதுகளில் நாடகங்களை நாலைந்து தட்டுகளில் அடக்கி 'செட்' ஆக விற்றார்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷ சொச்சம்தான் ஓடும். ஒரு ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தை அரை மணிக்குள் சுருக்க வேண்டும். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டைத் திருப்பி, மறுபடி சாவி கொடுத்துக் கேட்டார்கள். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். கஞ்சத்தனம் பிடித்து ஒரே ஊசியை ஓட்டிய வீட்டின் தட்டுகள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். செட்டில் ஒன்று உடைந்தால் கதையில் ஒரு காட்சி போயிற்று. உடைவது எப்போதும் நடுத்தட்டாகவே இருக்கிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியான் தட்டுகளை விற்ற காலத்து வியாபாரம் அது. ஏ.வி. மெய்யப்பன் படமுதலாளி ஆவதற்கு முன் அங்கே இசைத்தட்டு முதலாளி. மேடையில் பாடியவர்களைத் தேடிப் பிடித்துப் பாடவைத்துப் பதிவு செய்த அந்த முயற்சி இல்லாவிட்டால் நமக்கு எவ்வளவு போயிருக்கும்! எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு 27 வயது. தமிழ்ப் பேசும்படம் பிறந்து இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அவர் ஒன்றிலும் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கேட்டவர்கள் இன்று மிஞ்சியிருப்பது அரிது. இப்போது கிட்டப்பா என்றால் அந்தத் தட்டுகள்தான். அவற்றில் ஒன்று எங்கோ ஒரு பரணில் உடைந்தால், அவர் குரலில் மூன்று நிமிஷம் குறையக்கூடும்.

பட்டியல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதிலிருந்து தொடங்குகிறது. தட்டைச் சேர்ப்பது ஒரு வேலை. அதில் இருப்பவர் யார் என்று எழுதிவைப்பது அதைவிடப் பெரிய வேலை. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தபோது பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். கர்வம் என்று நினைக்கலாம். காரணம் வேறு. பதிவான மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவருக்குப் போய்த்தான் அச்சாக வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? பாடியவரே சொன்னால்தான் உண்டு. 1908இல் கல்கத்தாவில் ஆலை வரும்வரை இதுதான் நிலைமை.

பிற்காலத்தில் பெயர் சொல்லும் வழக்கம் போயிற்று, பெயர் போடும் வழக்கமும் சில சமயம் போயிற்று. 1949இல் வந்த இந்திப்படமான 'மஹால்' தட்டில் பாடகியின் இடத்தில் கதாபாத்திரத்தின் பெயர்தான் இருந்தது: காமினி. வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகே பாடியவர் லதா மங்கேஷ்கர் என்று உலகத்துக்குத் தெரிந்தது. லதாவுக்குக் கடிதம் போட ஆயிரம் பேர் இருந்தார்கள். நம் ஊரில் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போன குரல்களுக்கு யார் எழுதினார்கள்? அவற்றைக் கண்டுபிடிக்கத் தட்டும் போதாது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வேண்டும், பத்திரிகை விளம்பரம் வேண்டும், கம்பெனிகள் அவ்வப்போது வெளியிட்ட பட்டியல் வேண்டும். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்துத்தான் ஒரு பெயரை உறுதியாக எழுத முடியும்.

எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூர் தாயியைச் சொல்வேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏராளமான தட்டுகள் கொடுத்த பாடகி அவர். சென்னையில் வாழ்ந்து 1917இல் இறந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் 1912 வாக்கில் இந்தியா வந்தபோது அந்தக் குரலில் மயங்கினார். பாரிஸ் திரும்பியவர் 'ராகமாலிகா' என்று ஓர் உருப்படி செய்தார். தாயி பாடிய வள்ளலார் பாடலின் இசைத்தட்டுதான் அதற்கு மூலம். மத்தளத்தின் ஒலி வர வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்தியை மந்தப்படுத்தி வாசிக்கும்படி அவர் எழுதினார் என்று இசை வரலாற்றுக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். தட்டும் பட்டியலும் இருந்ததால்தான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் இது இந்தப் பாட்டுதான் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. எண் எழுதப்படாமல் போயிருந்தால் 'ஏதோ ஓர் இந்தியப் பாட்டு' என்று நின்றிருக்கும். தாயியின் பெயர் அங்கே இருந்திருக்காது.

எனக்குப் பெரும் புதிராக வந்த தட்டு ஒன்று உண்டு. பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அறுபது, எழுபதுகளில் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டிருந்தன. சனிக்கிழமை ராத்திரிகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஜோடி ஜோடியாக நடனம் ஆடியவர்கள். வால்ட்ஸ், பாக்ஸ்ட்ராட் என்று தட்டுகள் வீடு நிறைய வைத்திருப்பார்கள். கப்பலுக்கு அவ்வளவு கனத்தை யார் ஏற்றுவது? பழைய பேப்பர்காரருக்குப் போகும். அவரிடமிருந்து எனக்கு வந்த ஒரு கட்டில் 'மக்ரெகர்' என்ற லேபிள், லாஸ் ஏஞ்சல்ஸ் ஊர் போட்டது. ஒரு பக்கம் பிடில் வாசிப்பின்மேல் ஓர் ஆள் விறுவிறுவென்று கட்டளைகள் சொல்லிக்கொண்டே போகிறார். மறுபக்கம் கட்டளை இல்லை, வெறும் வாத்தியம். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அது சதுர நடனத்துக்கான தட்டு என்று பெரம்பூரிலேயே தங்கிவிட்ட ஒரு முதியவர் விளக்கினார். நான்கு ஜோடிகள் நான்கு பக்கமும் நிற்பார்கள். அழைப்பவர் ஒருவர் 'கை கோர்த்துச் சுற்று, இடம் மாறு' என்று தாளத்தோடு சொல்லச் சொல்ல ஆடுவார்கள். நம் கும்மியில் முன்பாட்டுக்காரி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அதன்படி சுற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் இந்த நடனத்துக்குப் பெரிய எழுச்சி. அழைப்பவர் கிடைக்காத ஊருக்கு அழைப்போடு கூடிய பக்கம்; சொந்தமாக அழைக்கத் தெரிந்தவருக்கு வெறும் வாத்தியப் பக்கம். இதற்கென்றே மக்ரெகர், வின்ட்சர், ஃபோக்கிராஃப்ட் என்று லேபிள்கள் இருந்தன. மக்ரெகரில் ஃபென்டன் ஜோன்ஸ் என்பவருடைய அழைப்புக்குத் தனி மவுசு. அங்கேயும் அத்தனையையும் லேபிள் வாரியாக, எண் வாரியாக எழுதிவைத்து, விட்டுப்போன எண்களைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. நான் பட்டியலில் 'அழைப்பவர்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். சேர்த்த பிறகு பார்த்தால் நம்மிடமும் அதற்கு ஆள் இருக்கிறார்கள்: நாடக செட்டில் 'கோவலன் மதுரைக்குப் புறப்பட்டான்' என்று காட்சிக்கு முன் சொல்லும் குரல். பாடவில்லை, நடிக்கவில்லை, லேபிளில் பெயரும் இல்லை. அவரும் அந்தக் கட்டத்தில் ஏறினார்.

மாற்றிக்கொள்வதில் எங்களுக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. ஒன்றுக்கு ஒன்று, அதே நிலைமை. நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு மட்டும் இரண்டு கொடுக்க வேண்டும். அதில் யாரும் பேரம் பேசுவதில்லை. பணம் என்று வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். பீட்டில்ஸ் பாட்டுகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வினைலில் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தியாவில் 78லும் அச்சடித்தார்கள். கரண்ட் இல்லாத, சாவி கொடுக்கும் பெட்டி வைத்திருந்த வீடுகள் இங்கே இன்னும் இருந்தன அல்லவா? அந்தத் தட்டுகளுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். அதனால் பழைய சாமான் கடைகளில் ஆங்கில எழுத்து தெரிந்த தட்டு எல்லாம் உள்ளே பத்திரமாகப் போகிறது, தமிழ்த் தட்டு வெளியே வெயிலில் வளைகிறது. இது எனக்குக் கோபம் வரும் விஷயம். வெயிலில் வளைந்த கே.பி. சுந்தராம்பாள் தட்டை மறுபடி அச்சடிக்க எங்கும் அச்சு இல்லை.

1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் ரயிலில் போய்ப் பார்த்தேன். அரக்கு எரிந்த வாடை எனக்குத் தெரியும். அங்கே காகித வாடைதான் மேலோங்கி இருந்தது. அப்புறம் அல்லிக்குளம் பக்கம் கடைகள் கொடுத்தார்கள். புத்தகக் கடைகள் ஓரளவு மீண்டன. ரெக்கார்டு பாய்களில் சிலரை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. அம்பத்தூரிலிருந்து வரும் லோக்கல் அங்கேதான் போய் நிற்கிறது. 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர் மட்டும் மிச்சம்.

அதே வருஷங்களில் கேசட் வந்து தட்டுகளை முடித்தது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். ரேடியோ செட்காரர்களுக்குப் பெரிய விடுதலை. பெட்டி பெட்டியாகக் கனம் தூக்க வேண்டாம், வெயிலில் வளையாது, ஊசி தாண்டாது. தட்டுகளை எடைக்குப் போட்டார்கள். ஆவடிக்காரரின் பச்சைப் பொட்டுத் தட்டுகள் ஒரு நாள் பழைய இரும்புக் கடையில் சாக்கில் கிடந்ததைப் பார்த்து, எடைக்கு வாங்கி வந்தேன். மாமா அப்படிப் போடவில்லை. கடையை மூடியபோது, "நோட்டு உன்கிட்ட இருக்கு, தட்டு எங்கிட்ட இருந்து என்ன பண்ணப் போவுது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஆட்டோவில் அவையும் நானும் வந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் பக்கத்து முகப்பேரில் ரோஜா முத்தையா நூலகம் திறந்தது. முத்தையா கோட்டையூர்க்காரர். போர்டு எழுதும் தொழில் செய்தவர். புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 1992இல் காலமானார். அவர் சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் பொருள்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல் இங்கேயே வைத்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. முகப்பேரில் இருந்த காலத்தில் சைக்கிளிலேயே போய்வருவேன். நான் முதலில் கேட்டது பாட்டுப் புத்தகங்களை. என் நோட்டில் பாடகர் பெயர் காலியாக இருந்த வரிகளைக் குறித்து எடுத்துப் போவேன். சில வரிகள் நிரம்பித் திரும்பும். அங்கே இருந்தவர்கள் ஒரு நோட்டீஸுக்குக்கூட அளவு, பக்கம், அச்சகம், ஊர் என்று அட்டை எழுதினார்கள். தனி ஆள் நோட்டில் எழுதுவது அவரோடு முடிந்துவிடலாம், யாரும் வந்து பார்க்கும்படி எழுதினால் முடியாது என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கொடுக்க ஆரம்பித்ததும் கடிதங்கள் வந்தன, பிறகு போன்கள். தாத்தா வீட்டுப் பரணில் இருபது தட்டு இருக்கிறது, என்ன விலை போகும் என்று கேட்பார்கள். விலையைப் பிறகு பேசலாம், முதலில் எண்களைப் படியுங்கள் என்பேன். டார்ச் அடித்து வளையத்தைப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் காத்திருப்பேன். பேரப்பிள்ளைகள் படித்தால் வேலை சுலபம், கண் கூர்மை. அப்படிப் போனிலேயே படித்து ஏறிய தட்டுகள் என் பட்டியலில் நிறைய. நான் அவற்றைத் தொட்டதுகூட இல்லை. விற்றுவிட்டாலும், உடைந்தே போனாலும், இப்படி ஒன்று இருந்தது, இன்னார் பாடினார் என்ற வரி நின்றுவிடும்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு இப்போது ஒரு மாற்று நடந்துகொண்டிருக்கிறது. என்னிடம் உள்ள ஒரு நாடக செட்டில் மூன்றாவது தட்டு இல்லை. மூர் மார்க்கெட் பாய் இல்லை என்று சொல்லியே விற்றது. அந்தப் பெரியவரிடம் அந்த மூன்றாவது மட்டும் இருக்கிறது. வளைய எண்ணைச் சொன்னார். என் நான்கு தட்டுகளின் எண் வரிசையில் விட்டுப்போன இடத்தில் சரியாக உட்காருகிறது. பதிலுக்கு அவர் கேட்பது அம்மன் பாட்டு, மாமா வீட்டிலிருந்து வந்த ஒரே கண்ணாடி. கொடுக்க எனக்கு மனசு இருக்கிறது. தபாலில் அனுப்ப இரண்டு பேருக்கும் துணிவில்லை. அவர் பேத்தியைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். பொங்கல் வரிசை கொண்டு வரும்போது தட்டை மடியில் வைத்தே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.